பக்கத்துக் கட்டில் அக்கா

இந்தச் சித்திரையில் ஒருநாள் ராத்திரி, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஃபேஸ்புக்கில் ஒரு வீடியோ வந்தது. பலாப்பழம் அறுக்கிற வீடியோ. பண்ருட்டி பக்கத்தில் ஒரு பெண் நடத்துகிற பக்கம் அது. பழம், பலாக்கொட்டை, வறுத்த சுளை என்று விற்கிறார்கள் போல. முகம் எதுவும் தெரியவில்லை. கீழே விரித்த சாக்கு, எண்ணெய்க் கிண்ணம், அரிவாள், இரண்டு கைகள். அவ்வளவுதான்.

பழத்தை இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டை அரிந்து எடுத்துவிட்டு, வழிகிற பாலை வைக்கோலால் துடைத்தன அந்தக் கைகள். இடது கை ஆள்காட்டி விரலில் நகம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி வளரவே இல்லாமல் தோல் மூடி, சின்னக் குழி மாதிரி இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, படத்துக்கு வெளியே நிற்கிற யாரிடமோ ஒரு குரல் சொன்னது: "பாப்பா, எண்ணெய் தடவிக்காம தொடாத. பாலு ஒட்டுனா லேசுல போவாது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் குரலை நான் கேட்டு 13 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

2011 நவம்பர். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலி தாங்காமல் துடித்துப் போய், புதுச்சேரி ஜிப்மரில் சேர்த்திருந்தோம். கடலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பெரிய வைத்தியம் என்றால் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டெம்போவில் கோரிமேடு போய் இறங்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அப்போது 24 வயது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பெண்கள் வார்டு என்பதால் ராத்திரியில் அப்பா தங்க முடியாது. ஆக, 11 நாளும் நான்தான் அம்மாவுடன் இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி. சர்க்கரைப் புண், காலில். பாட்டியைப் பார்த்துக்கொள்ள அவர் மருமகள் வந்திருந்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயசு இருக்கும். காடாம்புலியூர் பக்கம் ஒரு கிராமம்.

வார்டில் யாருக்கும் பேர் கிடையாது, ஊர்தான் பேர். எதிர்க் கட்டில் 'திண்டிவனம்', ஜன்னலோரம் 'வில்லியனூர் ஆயா', கதவுப் பக்கம் 'மரக்காணம்'. "மரக்காணம், உன்னை நர்ஸம்மா கூப்புடறாங்க பாரு" என்றால் மரக்காணம் எழுந்து போகும். நான் 'மஞ்சக்குப்பத்துப் பாப்பா'. அவர் எனக்கு 'அக்கா'. அம்மா மட்டும் அவரை நேராகக் 'காடாம்புலியூரு' என்றுதான் கூப்பிடுவாள். 11 நாளில் ஒருத்தர் வீட்டுக் கதை இன்னொருத்தருக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. பேர் கேட்கத் தோன்றவில்லை. அங்கே அதற்குத் தேவையே வரவில்லை.

அக்காவின் கவலை எல்லாம் வீட்டில் இருக்கிற மகளைப் பற்றித்தான். பத்தாவது படிக்கிறாள். அந்த வருஷம்தான் பத்தாவதுக்குச் சமச்சீர்க் கல்வி வந்தது. கோர்ட்டில் வழக்கு நடந்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஆகஸ்டில்தான் பிள்ளைகள் கைக்குப் புத்தகமே போய்ச் சேர்ந்தது. "புக்கே ஆடி முடியற நேரத்துலதான் குடுத்தாங்க. இவ எப்ப படிச்சு எப்ப எழுதுவா? நான் இங்க உக்காந்திருக்கேன், அங்க அவதான் சோறும் ஆக்கணும்" என்பார். நான் பி.காம். முடித்திருந்தேன் என்பதால், பத்தாவது கணக்குக்கு எதை முதலில் படிக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்து, சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்லவேண்டும். நாலு நாளாக நான் தலை வாரவில்லை. வாரத் தோன்றவில்லை. வராந்தாப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அக்கா வந்து, ஒன்றும் கேட்காமல், எனக்கு மேல்படியில் உட்கார்ந்து, என் தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் திருப்பி வைத்துக்கொண்டார். சின்ன பாட்டிலில் இருந்து தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, முடியைப் பிரித்துப் பிரித்துச் சிக்கெடுத்தார். சிக்கு இழுக்கும்போது வலிக்காமல் இருக்க, வேர்ப் பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அந்தப் பாதி நகம் அவ்வப்போது மண்டையில் உரசும். மற்ற விரல்கள் மாதிரி இல்லாமல் அது மட்டும் மெத்தென்று இருக்கும். "முந்திரிக்கொட்டை உடைக்கச் சொல்லோ, சின்ன வயசுல, கட்டையால நானே போட்டுக்கிட்டேன்" என்றார், நான் கேட்காமலே. இறுக்கிப் பின்னி முடித்து, முதுகில் ஒரு தட்டு தட்டி, "போ, மூஞ்சி கழுவிக்கினு உள்ள போ. உங்கம்மா உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு கெடக்கும்" என்றார்.

ராத்திரியில் நான் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே தரையில் பாய் போட்டுப் படுப்பேன். படுத்ததும் அடித்துப் போட்டது மாதிரி தூக்கம். காலையில் எழுந்தால் போர்வை கழுத்து வரை இருக்கும்.

அம்மாவுக்கு நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் ஆன அன்று அக்கா நம்பர் கொடுத்தார். என் நோக்கியா போனில் 'பக்கத்து பெட் அக்கா' என்று பதிந்துகொண்டேன். அவர் போனில் என் நம்பரையும் நானே ஏற்றிக் கொடுத்தேன். "எங்கூட்டைச் சுத்தி முப்பத்தெட்டு பலாமரம் இருக்கு. வைகாசியில அம்மாவைக் கூட்டிக்கினு வா. உனக்குத் தூக்க முடியற மட்டும் எடுத்துக்கினு போ" என்றார். இரண்டு முறை பேசினோம். பாட்டியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்.

டிசம்பர் 29 ராத்திரி காற்று ஆரம்பித்தது. தானே புயல்.

எங்கள் ஊரில் அந்தப் பேரைச் சொன்னாலே போதும். 30ஆம் தேதி விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் வேப்பமரம் விழுந்து இரண்டு வீட்டுச் சுவர் போனது. கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கரண்ட் வர நாள்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை வண்டியில் வைத்துத் தெருத்தெருவாக வந்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். காசு கொடுத்துத்தான் போனுக்குச் சார்ஜ் போட்டோம்.

நாலைந்து நாள் கழித்துச் செய்தித்தாள் கைக்கு வந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் எல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கிற படம் போட்டிருந்தார்கள். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "காடாம்புலியூரு வீட்டு மரம்லாம் இன்னா ஆச்சோ" என்றாள். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. டவரே இல்லாத நேரம் என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு அப்புறம் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். மாசி, பங்குனி, அதே ஸ்விட்ச் ஆஃப்.

கடலூரில் இருந்து பண்ருட்டிக்கு 25 கிலோமீட்டர்தான். நெல்லிக்குப்பம் வழியாக ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அங்கிருந்து வடலூர் பஸ் ஏறினால் காடாம்புலியூர். நான் போகவில்லை. எங்கள் வீட்டுக் கூரையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அப்புறம் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அப்புறம் கல்யாணம். ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், போயிருக்கலாம். இது இன்றைக்கும் என் மனதில் முள்ளாகத்தான் இருக்கிறது.

2012 கடைசியில் மறுபடி அந்த எண்ணைக் கூப்பிட்டேன். ரிங் போனது. எடுத்தது ஒரு ஆண். சேலத்துக்காரர். கடையில் புதுசாக வாங்கிய சிம், தனக்கு எந்த அக்காவையும் தெரியாது என்றார், பொறுமையாகத்தான். ரொம்ப நாள் பயன்படுத்தாமல் கிடக்கிற ப்ரீபெய்டு எண் கைமாறிவிடும் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

ஃபேஸ்புக் கணக்கு தொடங்கியதும் நான் செய்த முதல் வேலை தேடியதுதான். எதைப் போட்டுத் தேடுவது? அந்தக் கட்டத்துக்குள் பேர் கேட்கிறது. எனக்குத் தெரிந்தது பாட்டியின் கால் புண், பத்தாவது படிக்கிற மகள், முப்பத்தெட்டு மரம், பாதி நகம். அப்போது போன் நம்பரைப் போட்டாலும் ஆளைக் காட்டும் (2018 ஏப்ரலில்தான் அந்த வசதியை எடுத்தார்கள்). போட்டுப் பார்த்தேன். மீசை வைத்த சேலத்துக்காரர் வந்தார். காடாம்புலியூர் என்று போட்டால் கிரிக்கெட் குழுப் பையன்கள், கோயில் திருவிழா பேனர்கள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் நிற்கிற பெண்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். வேலையில் நாள் முழுக்கப் பேர், தேதி, தொகை என்று எழுதுகிற எனக்கு, இந்த ஒரு பேரை எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்று வரும்.

2019இல் அம்மா போய்விட்டாள். மாரடைப்பு. அதற்குப் பிறகு தேடுவதையும் விட்டுவிட்டேன்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். அன்று ராத்திரியே அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. ஒரு வாரம் பார்த்தேன், படிக்கவே இல்லை. விலை கேட்டும் விலாசம் கேட்டும் தினமும் எத்தனை பேர் எழுதுவார்களோ. பிறகு அந்த வீடியோவின் கீழேயே கமெண்ட் போட்டேன்: "2011 நவம்பரில் ஜிப்மர் பெண்கள் வார்டில் உங்கள் பாட்டி காலில் புண்ணோடு இருந்தார்களா? பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷன் செய்த அம்மாவின் மகள் நான். அந்தக் கையை எனக்குத் தெரியும்." கிலோ என்ன விலை, சென்னைக்கு அனுப்புவீர்களா என்கிற கேள்விகளுக்கு நடுவே என்னுடைய இந்த நாலு வரி.

மறுநாள் மதியம் பதில் வந்தது. "அக்கா, கணக்குக்கு எதை முதல்ல படிக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தது நீங்களா?"

அலுவலகத்தில் இருந்தேன். எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டேன்.

வாட்ஸ்ஆப் எண் வாங்கிக்கொண்டோம். அக்கா எழுத மாட்டார், பேசித்தான் அனுப்புவார் என்று மகள் சொன்னாள். சாயங்காலம் குரல் மெசேஜ் வந்தது, 40 விநாடி. முதலில் கொஞ்ச நேரம் கோழிச் சத்தம். அப்புறம், "இதுல பேசணுமா?" என்று மகளிடம் கேட்கிறார். அப்புறம்: "மஞ்சக்குப்பத்துப் பாப்பாவா? எப்புடி இருக்க? கண்ணாலம் ஆயிடுச்சா? அம்மா எப்புடி இருக்குது? இப்ப நல்லா சாப்புடுதா? எண்ணெய்ப் பலகாரம் எதுவும் குடுக்காத, இன்னா?"

அம்மா இறந்து ஆறு வருஷம். நான் பார்க்கிற ஆள்கள் எல்லாருக்கும் அது பழைய சேதி. அம்மாவைப் பற்றி யாரும் "இருந்தாங்க" என்றுதான் பேசுவார்கள். அன்றைக்கு ஒருத்தர் அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டார். எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதே என்றார். அந்த 40 விநாடியை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று தெரியாது. பதில் சொல்ல ஒருநாள் ஆனது. மெசேஜில் சொல்ல மனம் வராமல், போன் செய்தே சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.

வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போனேன். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, பண்ருட்டியில் இறங்கி, வடலூர் பஸ். நாலு வழிச்சாலை வேலையில் ரோடே அடையாளம் மாறிக் கிடக்கிறது என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா. எனக்கு அடையாளம் எதுவும் ஏற்கெனவே இல்லை. இரண்டு பக்கமும் செம்மண், முந்திரி, நடுநடுவே பலா.

அக்காவுக்கு முன்முடி எல்லாம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் தலையைத்தான் தொட்டார். "இன்னா பாப்பா, முடியெல்லாம் கொட்டிப்போச்சு" என்றார்.

முப்பத்தெட்டு மரத்தில் தானேவுக்கு அப்புறம் இரண்டுதான் நின்றதாம். ஓட்டுக் கூரை சரிந்ததில் போன் உடைந்து, மழையில் ஊறிப் போயிருக்கிறது. என் நம்பரும் அதோடு போனது. பாட்டியிடம் மரம் விழுந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தார்களாம். நடக்க முடியாமல் உள் அறையில் படுத்திருந்த பாட்டி, இரண்டாம் நாள் காலையில் கேட்டிருக்கிறார்: "ஊட்டுக்குள்ள இம்மாம் வெளிச்சம் எப்புடி வருது?" மாமனாருக்கு மாமனார் காலத்து மரங்கள். பகலிலும் அந்த வீடு நிழலாகத்தான் இருக்குமாம். வெளிச்சத்தைப் பார்த்தே பாட்டிக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தை மாதமே போய்விட்டார்.

அதைச் சொல்லிவிட்டு அக்கா சொன்ன இன்னொன்று என்னால் தாங்க முடியவில்லை. நஷ்ட ஈட்டு மனு கொடுக்க ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு வந்திருக்கிறார். அப்போது கலெக்டர் ஆபீஸ் மஞ்சக்குப்பத்தில்தான் இருந்தது. மனுவைக் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தெருக்களில் மளிகைக் கடை, டீக்கடை, மாவு மில் என்று ஒவ்வொன்றாக நின்று கேட்டிருக்கிறார்: "பித்தப்பை ஆபரேஷன் ஆன ஒரு அம்மா, ஒரே பொண்ணு, நீள முடி. எந்த ஊடு?" பேர் என்ன என்று கேட்டார்களாம். அவருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வரைக்கும் கேட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். கலெக்டர் ஆபீஸில் இருந்து எங்கள் வீடு பத்து நிமிஷ நடை.

மகள் அன்று பழம் ஏற்றி அனுப்புகிற வேலையில் இருந்தாள். அந்தப் பரீட்சையில் கணக்கில் 81 மார்க்காம். கரண்ட் இல்லாத ராத்திரிகளில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்திருக்கிறாள். இப்போது இருக்கிற மரங்கள் பாதிக்கு மேல் தானேவுக்கு அப்புறம் வைத்த ஒட்டுக் கன்று. அவர்கள் பக்கத்தின் பேரை இங்கே போடவில்லை. கேட்டேன், அக்கா வேண்டாம் என்றார்.

திண்ணையில் சாக்கை விரித்து எனக்கென்று ஒரு பழத்தை அறுத்தார். சுளையைப் பிய்த்து என் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"உங்கம்மா என்னை ராத்திரியில தூங்கவே உடாது, தெரியுமா உனக்கு? நீ கீழ படுத்து நல்லாத் தூங்கிடுவ. ட்ரிப்ஸ் கையோட அதால குனிய முடியாது. 'காடாம்புலியூரு, காடாம்புலியூரு'ன்னு மெதுவாக் கூப்புடும். இன்னாம்மான்னா, 'பாப்பா கால் வெளிய தெரியுது பாரு, கொசு கடிக்கும், கொஞ்சம் மூடி உடு'ன்னு சொல்லும். எழுந்து இழுத்து மூடிட்டுப் படுப்பேன். ஒருமணி நேரத்துல திரும்பக் கூப்புடும். தினமும் இதே வேலைதான். ஆபரேஷன் ஆன அன்னிக்கு ராத்திரி, மயக்கம் முழுசாத் தெளியல, அன்னிக்கும் கூப்புட்டுச்சு."

காலையில் போர்வை கழுத்து வரை இருந்ததை நானே இழுத்துக்கொண்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

நான் அழுது முடிக்கிற வரைக்கும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இன்னொரு பழத்தை உருட்டிச் சாக்கின் நடுவில் வைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.